தந்த இரத்தத்திற்குச் சரித்திரம் இல்லையா?

எமது மூத்த மகள் பிறந்தது 2010ஆம் ஆண்டில், மழை விடாமல் பெய்த ஓர் இரவில். பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டது. ஆனால் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆதார வைத்தியசாலையின் பிரசவ அறைக்கு வெளியே நானும் என் மாமியும் துஆ ஓதிக்கொண்டு நின்றோம். உள்ளே இருந்து வந்த சிங்களத் தாதியிடம் நான் சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினேன். எனக்கும் மனைவிக்கும் ஒரே இரத்த வகை என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா என் பதற்றத்தைப் பார்த்து இரக்கத்தோடு சொன்னார்: "மாஸ்டர், இப்போது எடுத்து இப்போதே ஏற்ற ஏலாது. சோதித்து வைத்திருக்கிற இரத்தம்தான் ஏற்றலாம். பயப்பட வேண்டாம், இருக்கிறது. போன கிழமை கெம்பஸ் பிள்ளைகள் கொடுத்தார்கள்."

மூன்று பைகள் ஏறின. பைகளின் மேல் ஓர் இலக்கமும் இரத்த வகையும் திகதியும் இருந்தன. பெயர் இல்லை. சுபஹு பாங்கு கேட்கும் நேரத்தில் மனைவி கண் திறந்தாள். கெம்பஸ் என்று அந்தத் தாதி சொன்னது பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தை. யாரோ மூன்று மாணவர்கள். ஆணா பெண்ணா, சிங்களவரா தமிழரா முஸ்லிமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயின்று, தோட்டப் பாடசாலையொன்றில் தொழில் பார்ப்பவன். அந்த இரவுக்குப் பிறகு பாடப்புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குறை எனக்குத் தென்படத் தொடங்கியது. எமது சரித்திரம் சிந்திய இரத்தத்திற்குக் கணக்கு வைத்திருக்கிறது. தந்த இரத்தத்திற்குக் கணக்கு வைக்கவில்லை. இந்த மாகாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் லயங்களில் நெருப்பு மூண்டதும், மக்கள் உடுத்த துணியோடு வடக்கு நோக்கி ஓடியதும் எழுதப்பட்டிருக்கின்றன. 2001ஆம் ஆண்டு மே மாதம் மாவனல்லை முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் அதே ஊர்களில் ஒருவர் மற்றவரின் உடலுக்குள் இரத்தமாகப் போய் உயிர் காத்த கதை எங்கே இருக்கிறது?

எடுக்கப்பட்ட இரத்தம்

தந்த இரத்தத்தைப் பேசுவதற்கு முன் எடுக்கப்பட்ட இரத்தத்தைப் பேச வேண்டும். மலையகத்து மனிதனின் இரத்தம் அவனைக் கேட்டு எடுக்கப்பட்டதல்ல.

சப்ரகமுவ மலைகள் மழை மலைகள். இறப்பர் மரத்தடியிலும் தேயிலைச் செடி இடுக்கிலும் அட்டை காத்திருக்கும். கொழுந்துக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் கெண்டைக்காலில் இரத்தம் வழிவதை எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் அட்டை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அதன் பெயர் கொழுக்கிப்புழு. ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுவது. முதலாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்கும் இயக்கம் ஒன்றை ஆரம்பித்தது. லயத்து மக்களைப் பரிசோதித்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலானோரின் வயிற்றில் இப்புழு இருப்பது தெரியவந்தது. மருந்து கொடுத்தார்கள். புழு போனது. ஆனால் சில மாதங்களில் திரும்பி வந்தது. ஏனென்றால் லயங்களுக்கு மலசலகூடம் இல்லை, கால்களுக்குச் செருப்பு இல்லை. மருந்துக்குச் சம்மதித்த தோட்ட நிர்வாகங்கள் மலசலகூடம் கட்டும் செலவென்றதும் தயங்கின.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தென்னாசியாவில் பரவலாகக் காணப்படும் கொழுக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தை வீணாக்குகிறது என்பது வைத்திய நூல்கள் தரும் அளவு. ஒருவர் வயிற்றில் நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலீற்றர். நூற்றைம்பது நாட்களில் 450 மில்லிலீற்றர். இன்று இரத்ததான முகாமில் ஒருவரிடம் எடுக்கும் ஒரு பை இரத்தத்தின் அளவும் அதுவே. அப்படியானால், அந்த நாட்களில் நூறு புழுவைச் சுமந்த ஒரு தொழிலாளிப் பெண் ஐந்து மாதத்திற்கு ஒரு பை வீதம், கங்காணியின் பேரேட்டிலும் துரையின் கணக்கிலும் ஏறாமல், வாழ்நாள் முழுவதும் இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இரத்தத்தால் எந்த நோயாளியும் பிழைக்கவில்லை. தேயிலைப் பெட்டியும் இறப்பர் சீட்டும் கப்பலேறின, அவ்வளவே.

இதற்கும் மேலாக, சட்டமும் ஒருமுறை இவர்களின் இரத்தத்தைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியைப் பிரஜாவுரிமையின் அடிப்படையாக வைத்தது. தகப்பனோ பாட்டனோ இந்நாட்டில் பிறந்ததை நிரூபிக்கப் பத்திரம் இல்லாதவர்கள், இரண்டு மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் வியர்வை சிந்தியவர்களாயினும், நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த வழக்கு முடிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம், உன் இரத்தம் யாருடைய இரத்தம் என்று ஐம்பத்தைந்து வருடம் கேட்டது. வைத்தியசாலைப் பை அந்தக் கேள்வியை ஒருபோதும் கேட்பதில்லை. அது கேட்பது வகை மட்டுமே.

கேகாலையின் காய்ச்சல்

இந்த மாகாணத்தில் சமூகம் சமூகமாக ஒருவருக்கொருவர் கைகொடுத்த ஒரு காலத்தைத் தேடினால் 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோய் முன்னால் வந்து நிற்கிறது. 1934இல் மழை பொய்த்தது. களனி கங்கை, மா ஓயா, தெதுரு ஓயா ஆகியன ஓட்டம் குறைந்து குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. மலேரியா வழமையாக இல்லாத ஈரவலயக் கிராமங்களுக்குள் காய்ச்சல் புகுந்தபோது, அங்கிருந்த மக்களின் உடலில் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. சில மாதங்களுக்குள் நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் கேகாலை முதன்மையானது.

மலேரியா இரத்தத்தின் நோய். செங்குருதிக் கலங்களுக்குள் புகுந்து அவற்றை உடைப்பது. கொயினா கொடுத்துக் காய்ச்சலை இறக்கினாலும் மனிதன் எழுந்து நிற்கவில்லை. உடலில் இரத்தமும் இல்லை, வயிற்றில் உணவும் இல்லை. யுத்த நினைவுக்கு பொப்பிப் பூ விற்பதற்கு எதிராகப் பூவரசம் பூ விற்ற சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் அப்போது கேகாலைக் கிராமங்களுக்குள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு இறங்கினார்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் இருந்தனர். பட்டினியே பாதி நோய் என்று கண்ட தொண்டர்கள் மார்மைட் என்னும் ஈஸ்ட் சாரத்தை உருண்டைகளாக்கிக் கொடுத்தார்கள்.

இந்த உருண்டைக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி 1928இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்படும் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், அதிலும் சத்துணவு குறைந்த வறிய முஸ்லிம் தாய்மாரிடையே, அந்நோய் அதிகமாக இருந்தது. விலை மலிந்த மார்மைட்டைக் கொடுத்ததும் அவர்களுக்கு இரத்தம் ஊறியது. 1931இல் அந்த முடிவை வெளியிட்டார். பிற்காலத்தில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்ற சத்துக்கு அதுவே வழிகாட்டியது. இன்று தாய்சேய் கிளினிக்கில் எங்கள் பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரைக்குள் பம்பாய்ச் சேரிகளின் பெயர் தெரியாத அந்தத் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாம் நன்றி சொன்னதில்லை.

கேகாலை மக்கள் நன்றி மறக்கவில்லை. பருப்பு கொண்டுவந்து பங்கிட்ட என். எம். பெரேராவைப் 'பருப்பு மஹத்தயா' என்று அழைத்தார்கள். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியில் அவரை அரசாங்க சபைக்குத் தெரிந்தெடுத்து அனுப்பினார்கள். அவர் அன்று முப்பது வயது வாலிபர். பின்னர் நாட்டின் நிதியமைச்சரானார். ஒரு பிடி பருப்புக்கு ஒரு மாவட்டம் காட்டிய நன்றி சரித்திரத்தில் ஏறியது. காரணம், கொடுத்தவருக்கு ஒரு பெயர் இருந்தது.

விற்பனையும் கொடையும்

இரத்ததானத்தில் பெயர் இல்லை. அது தற்செயலாக நேர்ந்ததல்ல, நெடிய அனுபவத்தின் பின் உலகம் தேர்ந்துகொண்ட வழி.

வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் 1901இல் இரத்த வகைகளை வெளியிடும்வரை, ஒருவர் இரத்தத்தை மற்றவருக்கு ஏற்றுவது சூதாட்டமாகவே இருந்தது. 1914இல் சோடியம் சிற்றேற்று கலந்தால் இரத்தம் உறையாது என்று கண்டார்கள். அதன் பிறகுதான் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டிய அவசியம் நீங்கியது. 1937இல் சிக்காகோ நகர வைத்தியசாலை ஒன்றில் பேர்னார்ட் பான்டஸ் என்பவர் சேமிப்பு நிலையம் அமைத்து அதற்கு 'இரத்த வங்கி' என்று பெயரிட்டார். வங்கி என்ற சொல் வந்ததும் காசும் பின்னால் வந்தது. பல நாடுகளில் வறியவர்கள் பசிக்கு இரத்தம் விற்றார்கள். நோயை மறைத்து விற்றார்கள். இரத்தத்தோடு நோயும் விலைப்பட்டது. 1970இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரித்தானிய அறிஞர் விற்பனை முறையையும் கொடை முறையையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அந்நியனுக்கு இலவசமாகத் தரப்படும் இரத்தமே பாதுகாப்பான இரத்தம் என்பது அவரது முடிவு. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 தொடக்கம் இரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது.

இவ்விடயத்தில் எமது சிறிய நாடு தலைநிமிர்ந்து நிற்கலாம். 2014இல் இலங்கை முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளரின் இரத்தத்தையே பெறும் நாடாயிற்று. அதே ஆண்டு, லான்ட்ஸ்டைனரின் பிறந்த தினமான ஜூன் 14இல், உலக இரத்ததானத் தினத்தை நடத்தும் பொறுப்பும் இலங்கைக்குக் கிடைத்தது. பிரசவத்தில் தாயைக் காக்கும் இரத்தம் என்பதே அவ்வாண்டின் கருப்பொருள். என் வீட்டில் நடந்ததை உலகமே பேசுவதுபோல எனக்குத் தோன்றியது.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று ஒரு காலத்தில் எங்கள் ஊர்களிலும் கேட்டார்கள். ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்ற அல்குர்ஆனின் போதனை யாவரும் அறிந்தது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, இரத்தமும் தோலும் போலத் தானாகவே மீண்டும் வளர்பவற்றை, உரிய நிபந்தனைகளோடு பிறருக்குக் கொடுப்பது ஆகுமானது என்று தீர்மானித்தது. இரத்தத்தின் விலையைத் தடுத்த நபிமொழியும் நமக்கு உண்டு. விற்காதே, கொடு என்பதை உலகம் இருபதாம் நூற்றாண்டில் பட்டுத் தெரிந்துகொண்டது.

சகோதர சமூகங்களிடமும் இதற்கான வேர் ஆழமானது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியைச் சோழர் தம் முன்னோனென்று தமிழ் கொண்டாடுகிறது. யாசித்து வந்தவனுக்குக் கண்களைக் கொடுத்த சிவி அரசனின் கதையைப் பௌத்த ஜாதகம் சொல்கிறது. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா இலங்கைக் கண்தானச் சங்கத்தைத் தொடங்கியபோது அந்தக் கதைதான் கிராமம் கிராமமாக அவருக்கு வழி திறந்தது. 1964இல் முதற்கண்கள் சிங்கப்பூருக்குப் போயின. பின்னர் பாகிஸ்தானுக்குப் போன கண்கள் மட்டும் பல்லாயிரம். பன்சலையில் பணம் செய்து மூடிய ஒரு சிங்களக் கிழவியின் கண், கராச்சியில் எங்கோ ஒரு பள்ளிவாசலில் குர்ஆனைப் பார்த்து ஓதிக்கொண்டிருக்கக்கூடும்.

பெலிஹுல்ஓயாவில் ஒரு நாள்

சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக எழுந்த கட்டடங்களில், 1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்த காலம் அது. மூவினப் பிள்ளைகளும் அந்த மலையடிவாரத்தில் வந்து படித்தார்கள். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அது எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்த எட்டாத கட்டடம். இன்று ஒருவர் இருவராக அங்கே போகிறார்கள்.

மகள் பிறந்து இரண்டு வருடத்தின் பின், எனது நன்றியைச் சொல்ல வேறு வழி தெரியாமல், அங்கு நடந்த இரத்ததான முகாமுக்குப் போனேன். நான் போவதைக் கேள்விப்பட்டு என் மாணவி ஒருத்தியின் தாயும் இன்னும் நான்கு தோட்டத்துப் பெண்களும் கூட வந்தார்கள். அந்தத் தாயின் தம்பி முன்பொரு நாள் மரத்திலிருந்து விழுந்து, இரத்தம் ஏற்றப்பட்டுப் பிழைத்தவன். "கடன் இருக்கு சேர்" என்று மட்டும் சொன்னார்.

மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள். தலையில் முக்காடிட்ட ஒரு மாணவியும் நெற்றியில் பொட்டு வைத்த ஒரு மாணவியும் சிங்கள மாணவன் ஒருவனும் அடுத்தடுத்துப் படுத்திருந்தார்கள். மூன்று குழாய்களிலும் ஓடிய நிறம் ஒன்று என்று எழுதினால் அது மேடைப் பேச்சாகிவிடும். நான் பார்த்தது வேறு. ஊசிக்குப் பயந்த அந்தச் சிங்களப் பையனைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை கேலிசெய்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பெண்கள் ஐவரையும் சோதித்தார்கள். இரத்தம் கொடுப்பதற்கு ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும், நிறை 50 கிலோவாவது இருக்க வேண்டும். ஐவரில் ஒருவர்கூடத் தேறவில்லை. மாணவியின் தாய்க்கு 9.8. வைத்தியர் அன்போடு விளங்கப்படுத்தி, இரும்புச்சத்து மாத்திரை எடுக்கச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்த அந்தத் தாயின் முகத்தில் அவமானம் தெரிந்தது. "என்னோட இரத்தம் ஆகாதாம் சேர்" என்றார்.

அந்த வசனத்துக்கு எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய பாட்டியின் இரத்தத்தைப் புழு எடுத்தது, தாயின் இரத்தத்தை அடுத்தடுத்த பிரசவங்களும் அரை வயிற்று ரொட்டியும் எடுத்தன, இவருடையதை மலையும் கொழுந்துக் கூடையும் எடுக்கின்றன. கொடுப்பதற்கும் ஒரு மிச்சம் வேண்டும். அந்த மிச்சத்தையே நூற்றைம்பது வருடமாக இவர்களிடமிருந்து எடுத்துவிட்டோம். இரத்ததானம் செய்தவனைப் போற்றும்போது, செய்ய மனமிருந்தும் இரத்தம் இல்லாதவளை நாம் மறந்துவிடுகிறோம்.

அவர் சும்மா திரும்பவில்லை. மண்டபத்தின் பின்புறம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மாணவர்களிடம் போய், "தள்ளுங்க தம்பி" என்று கேத்தலை வாங்கிக்கொண்டார். மாலை வரை கொடையாளர்களுக்கு அவர்தான் தேத்தண்ணி ஊற்றினார். அன்று அவர் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்திருந்தார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் மாத்திரை எடுத்துவிட்டு மறுபடி வந்து சோதித்தார். 11.4. இன்னும் போதவில்லை. அதற்கடுத்த வருடமும் வந்தார். இன்றுவரை அவர் ஒரு பை இரத்தம் கொடுத்ததில்லை. கொடையாளர் பட்டியலில் அவர் பெயர் வரப்போவதுமில்லை. ஆனாலும் நான் கண்ட கொடையாளர்களுள் அவருக்கே முதலிடம் கொடுப்பேன்.

எழுதி வைப்போம்

2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்துக்கு மக்கள் அலையலையாகப் போனார்கள். தேவைக்குப் போதிய இரத்தம் கிடைத்துவிட்டது என்று அறிவிக்கும் அளவுக்கு. அந்த வரிசையில் வெட்கத்தாலும் வேதனையாலும் தலைகுனிந்த முஸ்லிம்களும் நின்றார்கள். அந்நாளின் குண்டுதாரிகளின் பெயர்கள் அனைவருக்கும் மனப்பாடம். வரிசையில் நின்றவர்களின் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா?

பை மீது பெயர் இல்லாதிருப்பது சரி. ஆனால் ஊரின் ஞாபகத்தில் அந்தச் செயலே இல்லாமற்போவது சரியல்ல. பள்ளிவாசல்களில் கந்தூரிக் கணக்குக்கும் நிக்காஹ் பதிவுக்கும் கொப்பி வைத்திருக்கிறோம். கோயிலில் திருவிழாக் கணக்கு உண்டு, பன்சலையில் தானக் கணக்கு உண்டு. எந்த ஆண்டு, எந்த இடத்தில், எத்தனை பேர் இரத்தம் கொடுத்தார்கள், யார் சமைத்தார்கள், யார் தேத்தண்ணி ஊற்றினார்கள் என்று எழுத ஒரு கொப்பி போதும். ஐம்பது வருடத்தின் பின் என்னைப்போல் ஓர் ஆசிரியன் சப்ரகமுவவின் சரித்திரம் எழுத உட்காரும்போது, எரிந்த லயங்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்க அவனுக்கு இன்னொரு பட்டியலும் கிடைக்கும்.

மனிதருக்கு நன்றி சொல்லாதவன் இறைவனுக்கும் நன்றி சொல்லாதவனே என்ற நபிமொழியின் கருத்தை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். யாரென்றே தெரியாத மூவருக்கு எப்படி நன்றி சொல்வது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். எனது கொடையாளர் அட்டையில் இதுவரை பத்தொன்பது பதிவுகள். மூன்று பைக்குப் பத்தொன்பது பை கொடுத்தும் கடன் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பதினெட்டு வயதானதும் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய உம்மாவின் உடலில் ஓடியது யாருடைய இரத்தமோ, அவர்களுக்காக.